கறுப்பு அங்கியில் நம் முகம் எப்போது?

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், சேம நிதியைச் செலவிடுவது பற்றிய விவாதத்தில் அமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை. தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி, பேசிய நடையிலேயே இங்கே தருகிறோம்.)

 

நம் சேம நிதியில் 6,40,000 ரூபாய் இருக்கிறது. அதில் ஒரு பைசா கூட எந்த முதலாளியும் கொடுத்ததில்லை. இட்லிக் கடை போட்டவர், தோல் பட்டறையில் நின்றவர், மூட்டை சுமந்தவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் கொடுத்த காசு அது. அந்தக் காசில் மன்றத்துக்கு ஒரு நுழைவு வளைவு கட்டலாம், மீதியில் பொங்கல் விழாவைப் பெரிதாக நடத்தலாம் என்று பெரியவர்கள் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த யோசனையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஊரை விட்டு ஊர் வந்தவனுக்கு, "இது எங்கள் இடம்" என்று சொல்ல ஒரு வளைவு வேண்டும் என்ற ஆசை இருப்பது நியாயம்தான். ஆனாலும் நான் இன்னொரு யோசனையை வைக்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் யோசனை இதுதான்: நம் பிள்ளைகளை வக்கீல் ஆக்குவோம். ஆனபிறகு நடுத்தெருவில் விடாமல் தாங்கிப் பிடிப்போம்.

"இவன் ரயில்வேயில் பில் எழுதுகிற குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். சட்டத்தைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. சட்டம் எனக்குத் தெரியாது. சட்டம் தெரியாததால் நம் ஜனங்கள் படுகிற பாடு தெரியும். வீட்டுக்கு ஒரு சர்க்கார் காகிதம் வந்தால் அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னிடம்தான் வருகிறீர்கள். நான் வாசித்துச் சொல்கிறேன். அதற்கு மேல் என்னால் முடிவதில்லை. அந்த இயலாமையில் இருந்துதான் இன்று பேசுகிறேன்.

ஒரு ஆச்சியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் கணவர் லோக்கல் வண்டியில் வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர், ஒரு நாள் காலை நெரிசலில் விழுந்து இறந்துபோனார். காரியம் முடிந்து, ஊருக்குப் போய்த் திரும்பி, ஆச்சி பையோடு என்னிடம் வந்தபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நானும் ரயில்வேக்காரன்தான். ஓடுகிற பயணிகள் வண்டியில் இருந்து தவறி விழுந்து ஒருவர் இறந்தால், 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று தெரியும். முன்பு 4 லட்சம், 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம். ஆனால் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். பிந்தினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

"ஆச்சி, ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டேன். "ஒரு ஆள் வந்தான் தம்பி. எல்லாம் நான் பார்த்துக்கிறேன், வர்ற பணத்துல பாதி எனக்குன்னு சொன்னான். வெத்துத் தாள்ல கைநாட்டு வாங்கிட்டுப் போனான். அப்புறம் ஆளைக் காணோம்" என்றார்.

தோழர்களே, வருகிற பணத்தில் பங்கு என்று பேசி வழக்கு நடத்தவே கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. அது ஆச்சிக்குத் தெரியாது. டிக்கெட் கையில் கிடைக்காததால் மட்டுமே உரிமை போய்விடாது என்று 2018 இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதுவும் தெரியாது. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்றாலும், அரசாங்கச் செலவில் வக்கீல் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு இருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. சட்டம் இருந்தது, பணம் ஒதுக்கப்பட்டிருந்தது, டிரிப்யூனல் கதவும் திறந்துதான் இருந்தது. ஆச்சிக்கு இல்லாமல் போனது, அவர் பாஷையில் பேசி, பைசா பிடுங்காமல் அழைத்துப் போக ஒரு தெரிந்த முகம். அந்த முகம் நம் நடுவில் இல்லை என்பதால் அந்த இடத்தில் தரகன் வந்து உட்கார்ந்தான்.

இது படிக்காத ஆச்சிக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக இருந்து 2020 இல் ஓய்வு பெற்ற ஆர். பானுமதி அவர்கள் தருமபுரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஓய்வு பெறும்போது தன் சொந்தக் கதையைச் சொன்னார். அவருக்கு இரண்டு வயதில் தகப்பனார் பஸ் விபத்தில் இறந்தார். தாயார் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டு டிக்ரியும் கொடுத்தது. ஆனால் நடைமுறைச் சிக்கலாலும், உதவிக்கு ஆள் இல்லாததாலும் அந்தப் பணத்தைக் குடும்பத்தால் வாங்கவே முடியவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, வக்கீலாகி, 1988 இல் மாவட்ட நீதிபதியாகி, 2014 இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்தது. நம் பிள்ளைகளால் முடியாது என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மும்பையில் சட்டம் நமக்கு என்ன செய்தது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலி ஒருவர், பஞ்சத்தில் வேலை இழந்து 1961 இல் இங்கே வந்தார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்டுக்கொள்ள ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். 1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை எல்லாம் அவரவர் ஊருக்கே அனுப்புவோம் என்று அன்றைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். ஜூலை 23 அன்று குடிசையைப் பிய்த்தெறிந்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். பெண்டு பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் என்ன இருக்கிறது? அந்த மனிதர் மட்டும் வேலை தேடித் திரும்ப இங்கேயே வந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் அவர்களும் வேறு சிலரும் போட்ட மனுக்களோடு அவர் மனுவும் சேர்ந்து விசாரிக்கப்பட்டது. இந்திரா ஜெய்சிங் போன்ற வக்கீல்கள் நடைபாதைவாசிகளுக்காக நின்றார்கள். 1985 ஜூலை 10 இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும். முழு வெற்றி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நடைபாதையில் குடியிருக்க உரிமை கிடையாது, அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்த மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை யாரையும் தொடக்கூடாது என்றது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் கொடு என்றது. இன்றைக்கும் இந்தியாவில் எங்கே புல்டோசர் வந்தாலும் வக்கீல்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். அதற்குள்ளே ஒரு சேலத்துக் கூலியின் வாழ்க்கை இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, வழக்குப் போட்டவர்களில் நம்மவர் இருந்தார். வழக்காடுகிற இடத்தில் நம்மவர் எத்தனை பேர்? இந்தத் தொழில் ஏன் நமக்கு இவ்வளவு எட்டாக் கையாக இருக்கிறது?

முதலில் பெண்களைப் பாருங்கள். 1916 இல் ரெஜினா குஹா என்ற பெண் சட்டம் படித்துவிட்டுக் கல்கத்தாவில் பதிவு கேட்டார். சட்டத்தில் "நபர்" என்று எழுதியிருப்பது பெண்ணைக் குறிக்காது என்று ஹைகோர்ட்டு திருப்பி அனுப்பியது. 1921 இல் பாட்னாவில் சுதாம்சு பாலா ஹஜ்ராவுக்கும் அதே பதில். நம் மராட்டிய மண்ணில், நாசிக்கில் பிறந்த கொர்னீலியா சோராப்ஜி ஆக்ஸ்போர்டு வரை போய்ச் சட்டம் படித்தவர். அவரையே 1921 இல்தான் அலகாபாத்தில் பதிவு செய்தார்கள். 1923 இல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் பெண்ணும் வக்கீலாகலாம் என்று ஆயிற்று. சுப்ரீம் கோர்ட்டுக்கு முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வந்தது 1989 இல். 1950 முதல் 2025 வரை அங்கே அமர்ந்த பெண்கள் 11 பேர்தான். நாட்டில் 17 லட்சம் வக்கீல்கள், அதில் பெண்கள் நூற்றுக்கு 15, பார் கவுன்சில் தேர்தலில் ஜெயித்து வந்த பெண்கள் நூற்றுக்கு 2 என்று 2021 இல் தலைமை நீதிபதி ரமணாவே வருத்தப்பட்டார். 2024 மே மாதம்தான் சுப்ரீம் கோர்ட்டு வக்கீல் சங்க நிர்வாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உத்தரவு வந்தது.

சாதியைப் பாருங்கள். மத்திய அரசு 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது: 2018 முதல் ஹைகோர்ட்டுகளுக்கு நியமிக்கப்பட்ட நீதிபதிகள் 715 பேர். அதில் தாழ்த்தப்பட்டோர் 22. பழங்குடியினர் 16. பிற்படுத்தப்பட்டோர் 89. சிறுபான்மையினர் 37. 2011 மக்கள் தொகைக் கணக்கில் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கு பதினாறுக்கு மேல். நீதிபதி நாற்காலியில் நூற்றுக்கு மூன்று. அரசியல் சட்டம் எழுதிய மனிதரின் ஜனங்களுக்கு இடம் இவ்வளவுதான்! சுப்ரீம் கோர்ட்டின் முதல் தாழ்த்தப்பட்ட நீதிபதியாக 1980 இல் அமர்ந்தவர் நம் தமிழ்நாட்டு ஏ. வரதராசன் என்பதைப் பெருமையோடு சொல்வோம். அதற்கு நாடு விடுதலை அடைந்து 33 ஆண்டுகள் ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

அம்பேத்கரே எப்படி வக்கீலானார்? அவர் திறமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவருக்குத் தோள் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பரோடா மன்னர் உதவித்தொகை கொடுத்து அமெரிக்கா அனுப்பினார். கோல்ஹாப்பூர் ஷாகு மகராஜ் உதவினார். லண்டனில் பாரிஸ்டர் முடித்து வந்தவரிடம் தொழில் தொடங்க சனத்து வாங்கக் காசில்லை. நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கை கொடுத்தார். 1923 இல் இதே பம்பாய் ஹைகோர்ட்டில் தொழில் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று சொலிசிட்டர்கள் வழக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். அவர் அப்போது குடியிருந்தது எங்கே? பரேலில், மில் தொழிலாளிகளின் சாலில்! மகாத் குளத்து வழக்கை நடத்தி 1937 இல் ஹைகோர்ட்டில் ஜெயித்தார். 1935 இல் மும்பை அரசு சட்டக் கல்லூரிக்கே முதல்வரானார். அவ்வளவு பெரிய மேதைக்கே நாலு பேர் கை வேண்டியிருந்தது. நம் கோளிவாடாப் பிள்ளைக்கு யார் கை கொடுப்பது?

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் தாய்மார்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வக்கீலாகப் பதிவு செய்ய 1961 ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி கட்டணம் 750 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் மாநில பார் கவுன்சில்கள் அந்த நிதி, இந்த நிதி என்று பல பெயர் வைத்து 15,000 முதல் 40,000 ரூபாய்க்கு மேல் வரை வாங்கின. கூலிக்காரன் மகன் கடன் வாங்கிப் படித்துவிட்டு, வாசல்படியில் மறுபடி கடன் வாங்க வேண்டும்! 2024 ஜூலை 30 அன்று சுப்ரீம் கோர்ட்டு அதை அடித்துவிட்டது. சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் பதிவுக்கு வாங்கக்கூடாது என்றது. இது ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குகிற செயல், சமத்துவத்துக்கு விரோதம் என்றது. ஆக, ஒரு பூட்டு உடைந்திருக்கிறது.

அடுத்த பூட்டு இன்னும் இருக்கிறது. பதிவு செய்தவுடன் காசு வராது. ஒரு சீனியரிடம் நாலைந்து வருஷம் ஜூனியராக நிற்க வேண்டும். பல இடங்களில் பஸ் செலவுக்குக்கூடப் பணம் கிடைப்பதில்லை. நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ஆவது ஜூனியர்களுக்குக் கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அது சிபாரிசுதான், கட்டாயம் இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் ஆபீஸ் இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். நாலு வருஷம் வீட்டுச் சோறு இருக்கிறது. நம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? "படிச்சு முடிச்சாச்சே, எப்பப்பா சம்பளம் கொண்டு வருவ?" என்ற கேள்விதான் இருக்கிறது. ஆறாவது மாதம் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏதாவது கம்பெனியில் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறான். அறிவில் குறைந்து அவன் தோற்கவில்லை தோழர்களே, அரிசி இல்லாமல் தோற்கிறான்.

அடுத்தது பாஷை. மகாராஷ்டிரத்தில் கீழ்க் கோர்ட்டுகளின் மொழி மராத்தி. ஹைகோர்ட்டில் இங்கிலீஷ். தமிழ் சென்னை ஹைகோர்ட்டிலேயே இல்லை. 2006 இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டது, 2012 இல் மறுத்துவிட்டார்கள். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஹைகோர்ட்டுகளில் மட்டும் இந்திக்கு அனுமதி உண்டு. அந்தப் போராட்டம் நடக்கட்டும், நாமும் துணை நிற்போம். ஆனால் இங்கே நாம் மராத்தியைப் பகைத்துக்கொண்டு நியாயம் வாங்க முடியாது, பகைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது நமக்குச் சோறு போட்ட மண்ணின் பாஷை.

ஒரு உரிமையை மட்டும் மனத்தில் வையுங்கள். கிரிமினல் வழக்கில் சாட்சி சொல்வது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத பாஷையில் இருந்தால், திறந்த கோர்ட்டில் அவருக்குப் புரியும் பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது இருந்தது, 2024 ஜூலை 1 இல் அமலுக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. "புரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். தலையை ஆட்டிவிட்டு வந்து என்னிடம் அழாதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பஜாரில் இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று நம் பிள்ளைகள் நாலு பாஷையை அநாயாசமாகப் பேசுகின்றன. "எதையும் ஒழுங்காகப் பேசத் தெரியாத கூட்டம்" என்று நாம் அவர்களைத் திட்டுகிறோம். நாலு பாஷை தெரிந்த வக்கீலுக்கு இந்த நகரத்தில் எவ்வளவு தேவை இருக்கிறது தெரியுமா? குறை என்று நாம் நினைத்தது அந்தப் பிள்ளைகளின் மூலதனம்.

சில ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"வக்கீல் என்றாலே பொய் சொல்கிறவன், நம் பிள்ளை எதற்கு அதில்?" என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். அண்ணாச்சி, நல்லவர்கள் விலகி நின்றால் அந்த இடம் காலியாகவா இருக்கும்?

"படித்து மேலே போனால் நம்மை மறந்துவிடுவான்" என்றார் இன்னொருவர். மறக்கலாம். அதற்காக அவனிடம் பாண்டு எழுதி வாங்கச் சொல்லாதீர்கள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மன்றத்தில் உட்கார்ந்து காகிதம் பார்த்துக் கொடு என்று கேட்போம், அது போதும். அவன் சங்கத்துக்கு அடிமை இல்லை. நாளைக்கு இந்தச் சங்கமே ஓர் ஏழைக்குத் தவறு செய்தால், நமக்கு எதிராக நின்று வாதாடும் சுதந்திரம் அவனுக்கு இருக்க வேண்டும். அப்படி நின்றால்தான் நாம் ஒரு வக்கீலை உருவாக்கினோம் என்று அர்த்தம்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பான விஷயம். யார் பிள்ளைக்கு இந்தப் பணம்? எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நாம் கோர்ட்டைக் கேட்கிறோம். நம் சங்கம் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதா? ஊரில் இருந்து வரும்போது நாம் பெட்டியில் சாதியையும் மடித்து வைத்துக்கொண்டு வந்தோம். துப்புரவு வேலை செய்கிற குடும்பங்கள் இந்த மன்றத்தில் இன்றைக்கும் பின்வரிசையில்தான் உட்கார்கின்றன. நிர்வாகக் குழுவில் பெண் ஒருவர் கூட இல்லை. திருநங்கைகள் விழாவுக்கு ஆட வரலாம், உறுப்பினராக முடியாது என்கிறோம். தமிழ்நாட்டில் சத்தியஸ்ரீ சர்மிளா, சட்டம் படித்து முடித்துப் பல வருஷம் காத்திருந்து, 2018 ஜூனில் இந்தியாவின் முதல் திருநங்கை வக்கீலாகப் பதிவு செய்தார். பார் கவுன்சில் திறந்த கதவை நாம் இன்னும் திறக்கவில்லை. ஆகவே இந்த உதவியில் முதல் இடம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு. இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் பெண். எந்தச் சாதி என்று யாரும் மறைமுகமாகக் கூட விசாரிக்கக் கூடாது. இதை எழுதி வைக்காவிட்டால் பணமே வேண்டாம், வளைவே கட்டுங்கள்.

இது கனவு இல்லை, முன்மாதிரி உண்டு. ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010 இல் இடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகும் கூடவே நிற்பது அதன் வேலை. அவர் 2019 இல் மறைந்துவிட்டார். அவர் கை பிடித்துச் சேர்த்த பிள்ளைகள் இன்று வக்கீல்கள். அந்தப் பல்கலைக்கழகங்களில் வருஷக் கட்டணம் லட்சக்கணக்கில் போகிறது. ஆனால் மும்பையிலேயே 1855 இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தால் ஐந்து வருஷம், டிகிரி முடித்தால் மூன்று வருஷம். மாநில நுழைவுத் தேர்வை மராத்தியிலும் எழுதலாம், இங்கிலீஷிலும் எழுதலாம். மாநகராட்சிப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம் இல்லை.

பிள்ளைகள் படித்து வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1976 இல் அரசியல் சட்டத்தில் 39ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பணம் இல்லாததால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். அதன்படி வந்த 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், காவலில் உள்ளவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலுக்குள் வருகிறீர்கள்!

இதற்கு அவசரம் என்ன என்றால், குடிசை மாற்றுத் திட்டங்கள் நம் வாசலில் நிற்கின்றன. 2000 ஜனவரி 1 க்கு முன்பு இருந்தாய் என்று காகிதம் காட்டினால் இலவச வீடு, இல்லாவிட்டால் வேறு கணக்கு. தகுதி உண்டு, தகுதி இல்லை என்று பட்டியல் ஒட்டுவார்கள். தவறாக விடுபட்டவன் கெடுவுக்குள் அப்பீல் போட வேண்டும். அன்றைக்கு யாரைத் தேடி ஓடுவோம்? நுழைவு வளைவு நம் குடிசைக்காகப் பேசாது.

ஆகவே மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன்.

ஒன்று: சேம நிதியில் 2,00,000 ரூபாயைச் சட்டப் படிப்புக்கு ஒதுக்குவது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி, புத்தகம், கல்லூரிக் கட்டணம் இதில் இருந்து.

இரண்டு: 400 குடும்பங்கள் மாதம் 25 ரூபாய் தருவது. மாதம் 10,000 ஆகும். பதிவு செய்த நம் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, ஆளுக்கு 5,000 வீதம், முதல் இரண்டு வருஷம். அது சம்பளம் இல்லை. சாப்பாட்டுக்கும் ரயில் பாஸுக்கும் ஆகும். கழற்றி மாட்டிய அங்கியை மறுபடி போட்டுக்கொள்ள அது போதும்.

மூன்று: ஞாயிறுதோறும் காலை 10 முதல் 1 மணி வரை மன்றத்தில் காகித மேசை. ஒவ்வொரு குடும்பத்தின் ரேஷன் அட்டை, மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல்களை ஒழுங்குபடுத்தி ஒரு கோப்பில் போட்டுக் கொடுப்பது, சட்டப் பணிகள் ஆணையத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது. அந்த மேசைக்குத் தமிழர் மட்டும்தான் வரலாம் என்று போர்டு மாட்டாதீர்கள். 1960களில் லுங்கியைக் கேலி செய்து நம்மை விரட்டிய நாட்களைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். வந்தேறி என்ற சொல்லின் வலி நமக்குத் தெரியும். பக்கத்துச் சாலில் இருக்கும் பீகார்க்காரரும், மராத்தி மாவ்சியும் அந்த மேசைக்கு வரட்டும். நியாயம் கேட்கிறவன் எந்த ஊர் என்று கேட்கிற மேசை நமக்கு வேண்டாம்.

அந்த ஆச்சியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதி மனு கொடுத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது, முடிவு தெரியாது. போன வாய்தாவுக்குப் போய் வரும்போது ஆச்சி கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பிள்ளை நல்லாத்தான் பேசுது. ஆனா என்கிட்டப் பேச உன்னைத் தேடுது. நம்ம பிள்ளை ஒண்ணு கூடவா இதுல இல்ல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று பொதுக்குழுவின் முன் வைத்திருக்கிறேன். வளைவு வேண்டுமா, வக்கீல் வேண்டுமா என்று தலைவர் வாக்கெடுப்புக்கு விடுவார். கை தூக்குமுன் உங்கள் வீட்டு மஞ்சள் பையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு நான் மேசை போட்டு உட்காருவேன். பிளஸ் டூ எழுதியிருக்கும் பிள்ளைகள் யாராவது வந்து கூட உட்காருங்கள். எனக்கு வாசிக்கத்தான் தெரியும். வாதாட நீங்கள் வர வேண்டும்.